ஜூனிபருக்குத் தொட்டி மாற்றும் காலமும் முறையும்: கொங்குச் சமவெளிக்கான வழிகாட்டி

ஜூனிபர் என்னும் ஊசியிலைச் செடியின் வேர் அழுகி ஒரு மாதம் கடந்த பின்னும் அதன் இலை பச்சையாகவே நிற்கக்கூடும். செம்பருத்திக்கு வேரில் கேடு வந்தால் ஓரிரு நாளில் தலையைத் தொங்கப்போட்டுவிடும். ஜூனிபரின் ஊசி போன்ற, செதில் போன்ற சிற்றிலைகளோ மெழுகுப் பூச்சு உடையவை, ஈரத்தை மிக மெதுவாகவே இழப்பவை என்பதால், வேர் செத்த செய்தி கிளை நுனிக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறது. இலை பழுப்பேறியதும் தொட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர், பெரும்பாலும் செத்த செடியைத்தான் புதுத் தொட்டியில் வைக்கிறார்.

எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. மலையிலிருந்து இறக்கிய ஒரு ஜூனிபரைப் பங்குனிக் கடைசியில் ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கி வந்து, வேரில் ஒட்டியிருந்த களிமண்ணையெல்லாம் ரப்பர் குழாயால் பீய்ச்சிக் கழுவி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து அகலமான சிமென்ட் தொட்டியில் நட்டேன். ஐந்து வாரம் செடி அசையாமல் நின்றது. "ஏனுங்கண்ணா, மலைச் செடிங்கறீங்க, இந்த வெயில்லயும் இப்படிப் பச்சையா நிக்குதுங்களே" என்று பக்கத்து வீட்டுப் பெண் வியந்துகொண்டிருந்தபோது அது செத்து எத்தனை நாளாகியிருந்ததோ! வைகாசியில் ஒரு கிளையைத் தொட்டேன். இலை பொடிந்து கையோடு வந்தது. பிடுங்கிப் பார்த்தால் வெண்ணிற வேர்நுனி ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு செடியில் காலம், வேர், மண் ஆகிய மூன்றிலும் தவறு செய்திருந்தேன். இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் பற்றியது.

தொடங்குமுன், கையிலிருப்பது ஜூனிபர்தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நம் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் துஜாவும் தங்கநிற சைப்ரஸ் வகைகளும்கூட இந்தப் பெயரில் கைமாறுகின்றன. இலைக்கொத்து விசிறியைப்போல ஒரே தளத்தில் தட்டையாக விரிந்திருந்தால் அது பெரும்பாலும் துஜா. ஜூனிபரின் கொத்து எல்லாப் பக்கமும் திரண்டிருக்கும், இளந்தளிர்ப் பகுதி கையில் குத்தும். ஜூனிபரிலும் சீன ஜூனிபர் வகைகள் நம் சமவெளி வெயிலை ஓரளவு தாங்குகின்றன. தரையில் படரும் ஜப்பானியக் குட்டை வகை கோடையில் மிகவும் திணறுகிறது. துஜா வேரில் நடக்கும் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், ஜூனிபர் பொறுக்காது.

தொட்டி தரும் அடையாளங்கள்

முதல் சோதனைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். மேல்மண் முழுவதும் நனையும்படி மெதுவாக ஊற்றிக் கவனியுங்கள். நல்ல நிலையில் உள்ள தொட்டியில் தண்ணீர் சில விநாடிகளில் உள்ளே இறங்கி, சற்று நேரத்தில் அடித்துளை வழியாக வெளியேறும். மேலேயே குளமாக நின்று நிமிடக்கணக்கில் இறங்க மறுத்தால், மண் பொடிந்து இறுகிவிட்டது, அல்லது மண்ணிருந்த இடத்தையெல்லாம் வேர் பிடித்துக்கொண்டது என்று பொருள். இதற்கு நேர்மாறான அடையாளம் ஒன்றும் உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய கணமே அடித்துளையில் கொட்டினால், "வடிகால் அருமை" என்று மகிழ வேண்டாம். தொட்டிச் சுவருக்கும் வேருருண்டைக்கும் இடையிலான சந்து வழியாக அது ஓடியிருக்கலாம். நாற்றுப் பண்ணையில் கருப்புப் பையில் களிமண்ணை அமுக்கி வளர்த்த செடியை அப்படியே பெரிய தொட்டியில் இறக்கியிருந்தால், நடுவிலுள்ள அந்தக் களியுருண்டை ஒருமுறை காய்ந்து சுருங்கிய பின் தண்ணீரை உள்ளே விடுவதேயில்லை. சுற்றுமண் சேறாக இருக்க, அடிமரத்தை ஒட்டிய வேர் தாகத்தால் சாகும். கூர்மையான மூங்கில் குச்சி ஒன்றைத் தண்டுக்கு அருகில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நீர் ஊற்றிய பிறகும் குச்சியின் நடுப்பகுதி உலர்ந்து வந்தால், அந்தச் செடிக்குத் தொட்டி மாற்றும் நாள் நெருங்கிவிட்டது.

அடித்துளை வழியே வேர் எட்டிப்பார்ப்பதும், செடி தொட்டியிலிருந்து மெல்ல மேலெழும்பி மண்மட்டம் விளிம்பைத் தாண்டுவதும், முன்பு இரண்டு நாள் தாங்கிய ஈரம் இப்போது பொழுது சாய்வதற்குள் தீர்ந்துபோவதும் எல்லோரும் அறிந்த அடையாளங்கள்.

ஐயம் தீர ஒரே வழி, செடியை வெளியே எடுத்துப் பார்ப்பது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. மண் லேசான ஈரத்தோடு இருக்கும்போது தொட்டியின் பக்கங்களைத் தட்டி, அடித்தண்டைப் பிடித்து உருண்டையை முழுதாக உருவலாம். வேர் சுவரின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பாய் பின்னியதுபோல் இருந்து, இடையில் மண்ணே தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். உருவும்போதே மண் உதிர்ந்தால் வேர் இன்னும் தொட்டியைப் பிடிக்கவில்லை. பேசாமல் திரும்ப வைத்துவிடுங்கள். நுனி வெண்மையாகவும் மற்றப் பகுதி வெளிர்பழுப்பாகவும் இருந்தால் நலமான வேர். கறுத்து, இழுத்தால் தோல் கழன்று, சாக்கடை வாடை வீசினால் அழுகல். வேர்களுக்கிடையே வெள்ளை நூலாம்படை போன்ற இழைகள் படர்ந்து காளான் மணம் வந்தால் அஞ்சிக் கழுவிவிட வேண்டாம். அது பெரும்பாலும் மக்கிய பொருளில் வாழும் தீங்கற்ற பூஞ்சை. ஜூனிபர் நீரையும் சத்தையும் எடுக்க உதவும் நன்மைப் பூஞ்சை, வேருடன் கூடிக் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிறது. நான் குழாயால் பீய்ச்சிக் கழுவியதில் இதுவும் போயிருக்கும்.

பொதுக் கணக்காகச் சொல்வதென்றால், வளரும் இளஞ்செடிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், வயதேறிய செடிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்ற நேரும். தவணை முடிந்துவிட்டது என்பதற்காக நலமாக இருக்கும் வேரைக் கலைக்க வேண்டியதில்லை.

இலை மங்கினாலே தொட்டிதான் காரணம் என்று எண்ணுவதும் தவறு. உள்பக்கத்து இலைகள் மட்டும் பழுப்பேறி உதிர்வது, நிழலில் சிக்கிய பழைய இலைகள் இயல்பாகக் கழிவதால் ஏற்படலாம். கோடையின் வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பேன் எளிதில் பற்றும்; ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கடியில் பிடித்துத் தட்டினால், விழும் தூசிப் புள்ளிகளில் சில நகரத் தொடங்கும். அப்படியானால் இலைகளின் அடிப்புறம் வரை தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிப் பேனை முதலில் ஒழிக்க வேண்டும். நோயுற்ற செடியின் வேரையும் அறுப்பது, காய்ச்சல்காரனை மூட்டை தூக்கச் சொல்வது போன்றது. வேரழுகல் ஒன்றுக்கு மட்டுமே உடனடியாகத் தொட்டி மாற்றுவது மருந்து.

எந்த மாதம்

வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் வேளையைச் சொல்கின்றன. பனி உருகி வேர் விழித்துக்கொள்ளும், ஆனால் தளிர் இன்னும் பெரிதாகக் கிளம்பியிராத இடைவெளி அது. கொங்குச் சமவெளியில் அப்படி ஒரு வசந்தம் கிடையாது. அங்கே மார்ச் என்று எழுதியிருப்பதைப் படித்து இங்கே மார்ச்சில் மாற்றினால், அறுபட்ட வேர் ஆறும் முன்பே கோடை வந்து நிற்கும். ஆகவே மாதத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் காரணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய வேர் புதுநுனி விட்டு நிலைகொள்ள ஆறு முதல் எட்டு வாரம் மிதமான வானிலை தேவை. நமக்கு மாசிக் கடைசியில் வெயில் உறைக்கத் தொடங்குகிறது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்கழியின் பிற்பகுதியும் தை முதல் பாதியும், அதாவது டிசம்பர் கடைசி முதல் ஜனவரி முடிய, மிகச் சிறந்த காலமாக அமைகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், இரவு குளிரும், பகல் வெயில் சுடாது. பொங்கல் விடுமுறையில் இந்த வேலையை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செய்யலாகாது. கோவைக்கும் ஈரோட்டுக்கும் ஆண்டின் பெருமழை அப்போதுதான் பெய்கிறது. அறுத்த வேர் நாள்கணக்கில் நனைந்து கிடந்தால் அழுகும். பங்குனி முதல் வைகாசி வரை, வேரழுகல் கண்டாலொழிய, வேரைத் தொடவே கூடாது, அதிலும் கோடை வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் கரூர் பரமத்திப் பக்கத்தில் கூடவே கூடாது. ஆடி, ஆவணி பற்றிக் கருத்து வேறுபடலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று கோவையையும் பொள்ளாச்சியையும் குளிரவைப்பதால் அங்கே அது இரண்டாவது வாய்ப்பு. ஆனால் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். அது செடியை ஆட்டிப் புதுவேரை அறுக்கும், இலையின் ஈரத்தையும் உறிஞ்சும். மதில் மறைவு இல்லாதவர்கள் தை வரை பொறுத்திருப்பதே மேல். உதகை, குன்னூர்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே தையில் உறைபனி விழுவதால், பனி நின்ற பிறகு மாசி, பங்குனியில் செய்யலாம்.

மலையிலிருந்து புதிதாக வாங்கி வந்த செடி என்றால் வந்த வாரத்திலேயே தொட்டி மாற்ற வேண்டாம். வெப்பமும் காற்றும் தண்ணீரும் ஒருங்கே மாறிய அதிர்ச்சியில் இருக்கும் செடி அது. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துச் சில மாதம் பழக்கி, புதுத்தளிர் கண்ட பிறகு வரும் தையில் மாற்றலாம். கோடையில் தொட்டி உடைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டால், வேரைக் கலைக்காமல் உருண்டையை அப்படியே சற்றே பெரிய தொட்டியில் இறக்கி, சுற்றிலும் மண் நிரப்பி, தை வரை காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மண்ணும் தொட்டியும்

நம் ஊர் மண்ணை நேராகத் தொட்டியில் போடக்கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கரிசல், நனைந்தால் பிசினாகவும் காய்ந்தால் வெடித்தும் போகும். செம்மண் சற்றுத் தேவலாம் என்றாலும், தொட்டிக்குள் ஓராண்டில் இறுகித் தளமாகிவிடும். ஜூனிபர் வேருக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை, அது மணிமணியான கலவையில்தான் கிடைக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண்ணை விலைகொடுத்து வாங்கலாம், ஆனால் கட்டாயமில்லை. நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து, சோளமணி அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரையுள்ள துண்டுகளைச் சலித்தெடுத்தால் அது ஈரத்தையும் பிடிக்கும், காற்றுக்கும் இடம் விடும். வேகாத செங்கல் கரைந்து மீண்டும் களியாகும் என்பதால், துண்டை ஓரிரவு தண்ணீரில் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரே போசியால் அளந்து செங்கல் துண்டு ஐந்து பங்கு, கழுவிய பருமணல் அல்லது சிறு கருங்கல் சிப்ஸ் மூன்று பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு என்று கலப்பது கோவை வானிலைக்குப் பொருந்துகிறது. தாராபுரம், கரூர் போன்ற வறண்ட பகுதிகளில் சிப்ஸை ஒரு பங்கு குறைத்து இலைமக்கை ஒரு பங்கு கூட்டலாம். எதைச் சேர்த்தாலும் தூசியைச் சலித்துக் கழிப்பதை மட்டும் விடக்கூடாது. பாதித் தொட்டிகள் தூசியால்தான் அடைபடுகின்றன.

பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைச் சிலர் பாதிக்குப் பாதி சேர்க்கிறார்கள். அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும், கழுவாததில் உப்பும் அதிகம். வேண்டுமானால் பலமுறை அலசி, இலைமக்குக்குப் பதிலாக ஒரு பங்கு மட்டும் சேர்க்கலாம். பச்சைத் தொழுவுரம் அறவே வேண்டாம்.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தோடு தேங்கி அழுகலுக்கு வழிசெய்யும். வேரைக் கத்தரித்த பிறகு பழைய தொட்டியிலேயே திரும்ப வைப்பதும் முறையானதே. அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் கூடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது, ஆனால் நடப்பது வேறு. நுண்மண்ணில் உள்ள நீர், அந்த மண் முழுக்க நிறைந்து வழியும் வரை கீழேயுள்ள பெருங்கல் அடுக்குக்குள் இறங்காது. ஆகவே ஜல்லி, ஈரம் தேங்கும் மட்டத்தை வேருக்கு இன்னும் அருகில் உயர்த்துவதைத்தான் செய்கிறது. துளை மேல் நிழல்வலைத் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து வைத்து, அடிமுதல் நுனிவரை ஒரே கலவையை நிரப்புங்கள்.

மாற்றும் நாளில்

முந்தின நாள் மாலை செடிக்குத் தண்ணீர் விட்டுவிட வேண்டும். உருண்டை ஈரமாக இருக்கலாம், சொட்டக்கூடாது. வெயில் தாழ்ந்த பின், காற்று மறைவான இடத்தில், கலவை, தொட்டி, வலை, கட்டுக்கம்பி, கூரான கத்தரி, மூங்கில் குச்சி, ஈரத்துணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்ட பிறகே செடியை உருவுங்கள். நுண்வேர் காற்றில் சில நிமிடங்களிலேயே உலரும். கம்பி தேடிப் பரணில் ஏறும் நேரத்துக்குள் பாதிச் சேதம் நடந்துவிடும்.

உருண்டையின் ஓரத்திலிருந்து தொடங்கி, சிக்கெடுப்பதுபோல் வெளிநோக்கி வேரைப் பிரிக்க வேண்டும். சுற்றிக்கொண்ட வேர்களை நீட்டி, உருண்டைக்கு வெளியே தொங்குவதைக் கத்தரிக்கலாம். அடிப்பக்கத்தைத் தட்டையாக்கி, நேர்கீழாக இறங்கும் தடித்த வேரைக் குறைக்கலாம். அழுகியதை நலமான திசு தெரியும் வரை வெட்ட வேண்டும். மொத்தத்தில் வேரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. அடித்தண்டைச் சுற்றியுள்ள தாய்மண்ணை அப்படியே விடுங்கள், வேரை முழுவதுமாகக் கழுவி அம்மணமாக்காதீர்கள். இலையுதிர் மரங்கள் அதைத் தாங்கும், ஜூனிபர் தாங்குவதில்லை.

நடுவில் களியுருண்டை இருந்தால் மட்டும் தாய்மண்ணை அப்படியே விட முடியாது. அதற்கு, உருண்டையை மேலிருந்து பார்க்கும்போது வட்டத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பாதியின் களியை மட்டும் குச்சியால் மெல்லக் குத்தி உதிர்த்து, அங்கே புதுக் கலவையை இடுவது பாதுகாப்பான வழி. மறுபாதி தொடப்படாமல் செடிக்குச் சோறுபோடும். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பாதியைக் கவனிக்கலாம். முதிய செடியாக இருந்தால் நான்கு கூறாக்கி எதிரெதிர்க் கூறுகளைச் செய்வதும் உண்டு. எந்தப் பக்கம் முடிந்தது என்று தொட்டியில் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள், இரண்டு ஆண்டில் நிச்சயம் மறந்துபோகும்.

வேரைக் குறைத்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும் என்று காகிதப்பூவிலும் ரோஜாவிலும் பழகிய கை அரிக்கும். ஜூனிபரில் அதைச் செய்யாதீர்கள். இதன் வலிமை இலையில் இருக்கிறது; புதுவேர் விடுவதற்கான உந்துதலும் உணவும் வளரும் நுனிகளிலிருந்துதான் கீழே செல்கின்றன. காய்ந்த குச்சிகளை எடுக்கலாம். வடிவம் திருத்துவதும் கம்பி சுற்றி வளைப்பதும் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

தொட்டியின் நடுவில் கலவையைச் சிறு மேடாகக் குவித்து, செடியை அதன்மேல் வைத்து இடவலமாகச் சற்றே திருகி அமர்த்தினால் அடியில் காற்றுப்பை இராது. தண்டு மண்ணைத் தொட்டு விரியும் இடம் முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். அடித்துளை வழியே முன்பே நுழைத்துவைத்த கட்டுக்கம்பியை உருண்டைக்கு மேல் கொண்டுவந்து, வேரில் படும் இடத்தில் ரப்பர்த் துண்டு வைத்து முறுக்குங்கள். இந்தக் கட்டு மிகையாகத் தோன்றலாம். ஆனால் காற்றில் செடி ஆடும்போதெல்லாம் அப்போதுதான் கிளம்பிய வேர்முடிகள் அறுபடுகின்றன. பிறகு கலவையை இட்டு, குச்சியால் மேலும் கீழும் மெல்லக் குத்தி இடுக்குகளில் இறக்க வேண்டும். உள்ளங்கையால் அமுக்குவதும், காலால் மிதிப்பதும் கூடாது. விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கிடை இடம் விட்டு, பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் கலங்கலாக வரும். தெளிவாக வரும் வரை ஊற்ற வேண்டும்.

பிந்தைய கவனிப்பு

முதல் மூன்று வாரம் காலை ஒன்பது, பத்து மணி வரையான வெயிலும் பிறகு நிழல்வலையும் போதும். வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது உதவியன்று, வெளிச்சம் இல்லாமல் அது வேர் விடாது. தண்ணீரை நாள்கணக்கு வைத்து ஊற்றாமல், விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காயத் தொடங்கும்போது முழுதாக ஊற்றுங்கள். வேர் குறைந்திருப்பதால் செடி முன்புபோல் குடிக்காது. அதற்குப் பதிலாக, காலையிலும் மாலையிலும் இலைமேல் நீரைப் பனிபோல் தெளிக்கலாம்.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இதில் கவலையில்லை. போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள், தொட்டி விளிம்பில் வெண்மையாக உப்புப் பொரிவதைக் கண்டால் மாதம் ஒருமுறை மழைநீரால் நிறைய ஊற்றி அலசிவிட வேண்டும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழிக்கும் நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். மூலநீரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கிறது, அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அறையைக் குளிர்விக்கும் ஏசியிலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது, அதைத் தெளிப்புக்குப் பயன்படுத்தலாம்.

உரம் ஆறு வாரத்துக்கு வேண்டாம். கிளைநுனியில் பளிச்சென்ற இளம்பச்சை தெரிந்த பிறகு, அதுவும் பாதி அளவில், தொடங்கலாம். மாசி முழுவதும் வெயிலைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பங்குனியில் நண்பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை மட்டும் நிழல் கிடைக்கும்படி அமைத்துவிட்டால் முதல் கோடையைத் தாண்டிவிடும். மேற்குச் சுவரை ஒட்டிக் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருந்தால், சுற்றிலும் நனைத்த சணல் சாக்கு கட்டுவது வேரைக் காக்கும். இலை வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் தோன்றினால் உடனே உருவிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறி, உள்ளே பச்சையும் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செடியை நகர்த்தாமல் நிழலைக் கூட்டி, தெளிப்பைத் தொடர்வதே சரி.

மாற்றிய தேதியையும் எந்தப் பாதி வேர் திருத்தப்பட்டது என்பதையும் தொட்டியின் அடியில் பெயின்டால் எழுதிவையுங்கள். கழித்த பழைய மண்ணைக் கறிவேப்பிலைக்குப் போடலாம். அழுகல் கண்ட தொட்டியின் மண்ணை மட்டும் எந்தச் செடிக்கும் போடாமல் தள்ளிக் கொட்டிவிட்டு, கத்தரியைக் கொதிநீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.